பார்சல் எங்கே நிற்குது? யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுக்கு விற்கத் தொடங்குவோருக்கு

"தம்பி, பார்சல் வெளிக்கிட்டு மூண்டு கிழமையாச்சு. எங்க நிக்குது?"

ஸ்காபரோவிலிருந்தோ லாச்சப்பலிலிருந்தோ இந்த வட்ஸ்அப் செய்தி வந்தால், புதிதாகத் தொழில் தொடங்கியவர் "வந்திடும் அக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்று எழுதிவிடுவார். ஒரு தரம் இது எடுபடும். இரண்டாம் தரமும் இதையே எழுதினால் அக்கா குடும்பக் குழுவில் போட்டுவிடுவா. வாய்ச்சொல்லால் வந்த வியாபாரம் வாய்ச்சொல்லாலேயே போய்விடும்.

தாமதம் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கினாலும், பொதி ஐந்து இடங்களில் நிற்கலாம்: உங்கள் மேசையில், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில், கொழும்பில் விமானத்தில் இடம் கிடைக்கும்வரை, போய்ச் சேர்ந்த நாட்டின் சுங்கத்தில், கடைசியாக வாடிக்கையாளரின் வாசலுக்குக் கிட்ட. எந்த இடம் என்று தெரியாமல் சொல்லும் பதில் ஊகம்தான். பலாலியில் சர்வதேச விமான நிலையம் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். அங்கிருந்து ஆட்கள் சென்னைக்குப் பறக்கலாம். உங்கள் தபால் பொதி கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்துக்குப் போய், கட்டுநாயக்கவால்தான் வெளியேறும்.

முதலில் விலாசம்

ஓடரை எடுத்தவுடன் விலாசத்தை வடிவாகப் பாருங்கள். கனடாவின் அஞ்சல் குறியீடு எழுத்து, இலக்கம், எழுத்து என்று மாறி மாறி ஆறு இடம். அதில் டி, எப், ஐ, ஓ, கியூ, யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வருவதே இல்லை. ஆகவே வாடிக்கையாளர் அனுப்பிய குறியீட்டில் "ஓ" தெரிந்தால் அது பூச்சியம். "ஐ" தெரிந்தால் ஒன்று. மாடிக் குடியிருப்பு என்றால் அலகு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாத பொதி கட்டடத்தின் வாசல்வரை போய்த் திரும்பிவிடும்.

சுவிஸிலும் பிரான்சிலும் சிக்கல் வேறு. தபால்காரர் பெயரைத்தான் பார்ப்பார். ஓடர் தருபவர் "வாசுகி" என்று எழுதுவார். தபால்பெட்டியில் ஒட்டியிருப்பது கணவரின் அல்லது தகப்பனின் பெயராக இருக்கும். "உங்கட தபால்பெட்டியில என்ன பேர் ஒட்டியிருக்கு? அதை அப்பிடியே எழுதி அனுப்புங்கோ" என்று கேட்பது பத்து விநாடி வேலை. கேட்காமல் விட்டால் பொதி இரண்டு மாதம் கழித்து உங்களிடமே வரும். வாடிக்கையாளரின் தொலைபேசி இலக்கத்தை நாட்டுக் குறியீட்டோடு பொதியிலும் படிவத்திலும் எழுதுங்கள்.

சுங்கப் படிவம்: பாதித் தாமதம் இங்கேதான்

2 கிலோ வரையான சிறு பொதிக்குச் சி.என். 22 என்ற சிறிய படிவம். பெறுமதி 300 எஸ்.டி.ஆரை (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, தபால் விதிகளில் பெறுமதியை இதில்தான் சொல்வார்கள்) தாண்டினாலோ பெரிய பொதியாக அனுப்பினாலோ சி.என். 23. 2021 ஜனவரி 1 முதல், உள்ளே என்ன இருக்கிறது என்ற விபரம் இலத்திரனியல் தரவாகவும் பொதிக்கு முன்னால் போக வேண்டும் என்பது உலகத் தபால் ஒன்றியத்தின் விதி. தரவு போகாத பொதி விமானத்தில் ஏறாமலே கொழும்பில் கிடக்கலாம். கந்தோரில் உத்தியோகத்தர் தட்டச்சுச் செய்வது நீங்கள் கையால் எழுதியதைத்தான். நீங்கள் "உணவு" என்று எழுதினால் கணினியிலும் "உணவு" என்றே ஏறும். ஒட்டும் தாளை அச்சிட்டுத் தந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் ஒருதரம் வாசியுங்கள்.

படிவத்தை ஆங்கிலத்தில் நிரப்ப வேண்டும். "உணவுப் பொருள்", "அன்பளிப்பு", "வீட்டுப் பொருள்" என்ற மூன்றையும் மறந்துவிடுங்கள். இப்படி எழுதுங்கள்: வறுத்து அரைத்த கறித்தூள், மிளகாய் மல்லிக் கலவை, 2 பைக்கற்று, 1 கிலோ, பெறுமதி இவ்வளவு டொலர். அடுத்த வரியில்: பனையோலையால் இழைத்த பெட்டி, 1, 300 கிராம், இவ்வளவு டொலர். ஒவ்வொரு பொருளுக்கும் ஆறு இலக்கச் சுங்கக் குறியீட்டைப் போடுங்கள். மசாலாக் கலவைக்கு 0910.91, மூங்கிலோ பிரம்போ அல்லாத ஓலை இழைப்புப் பொருளுக்கு 4602.19, இடித்த மிளகாய்க்கு 0904.22, நெய்த பருத்தித் துணியில் தைத்த பெண்களுக்கான பிளவுஸுக்கு 6206.30. உங்களிடம் இருக்கும் பத்துப் பதினைந்து பொருளுக்கும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும்.

பெறுமதியைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேட்கும் வாடிக்கையாளர் எப்போதும் இருப்பார். "பத்து டொலர் எண்டு போடுங்கோ, அன்பளிப்பு எண்டு எழுதுங்கோ." செய்யாதீர்கள். சுங்கத்துக்குச் சந்தேகம் வந்தால் வாடிக்கையாளரிடம் பணம் செலுத்திய ஆதாரத்தைக் கேட்கும். 80 டொலர் ரசீது வெளியே வரும்போது பொதி நிற்கும். உங்கள் பெயரும் அவர்கள் குறிப்பில் நிற்கும். பொதி தொலைந்தால் இழப்பீட்டைக் கணக்கிடுவதும் நீங்கள் எழுதிய அந்தப் பத்து டொலரை வைத்துத்தான்.

நாட்டுக்கு நாடு வரி வேறு. அதை ஓடர் எடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எதிர்பாராத வரியைக் கட்ட மறுத்தாலும் பொதி நிற்கும். கனடாவில் தபாலில் வரும் 20 கனடா டொலருக்கு மேற்பட்ட பொதிக்கு வரி விழலாம். விழுந்தால் கனடா போஸ்ட் 9.95 டொலர் கையாளல் கட்டணமும் சேர்க்கும். பிரித்தானியாவில் 135 பவுண்ட் வரையான பொருளுக்கு வற் வரியை விற்கும்போதே அறவிட வேண்டும் என்பது 2021 முதல் உள்ள விதி. விற்பனைத் தளம் ஒன்றின் ஊடாக விற்றால் தளமே அறவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வற் விலக்கு 2021 ஜூலை 1 உடன் போய்விட்டது. தளம் வரியை அறவிட்டுத் தந்த ஐ.ஓ.எஸ்.எஸ். இலக்கத்தை (வற் வரி ஏற்கெனவே கட்டப்பட்டது என்று ஒன்றியத்தின் சுங்கத்துக்குக் காட்டும் பதிவு இலக்கம்) இலத்திரனியல் தரவில் ஏற்றாமல் விட்டால், வாடிக்கையாளர் வாசலில் இரண்டாம் தரமும் வரி கட்டுவார், திட்டு உங்களுக்கு. சுவிஸும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லை, அவற்றின் கணக்கு தனி. சுவிஸில் வரித்தொகை 5 பிராங்குக்குக் குறைந்தால் அறவிடமாட்டார்கள். நோர்வேயில் 350 குரோனர் விலக்கு 2024 ஜனவரி 1 உடன் முடிந்தது.

அமெரிக்கா இப்போது தனி அத்தியாயம். 800 டொலர் வரை வரியில்லாமல் போன சலுகை 2025 ஓகஸ்ட் 29 உடன் நின்றது. அந்த நாட்களில் பல நாடுகளின் தபால் சேவைகள் அமெரிக்காவுக்குப் பொதி ஏற்பதையே இடைநிறுத்தின. அமெரிக்க ஓடரை உறுதிசெய்ய முன் அன்றைய நிலையைக் கந்தோரில் கேளுங்கள்.

பாதை சரியாக இருந்தும் பொருளே பொதியை நிறுத்தும் சந்தர்ப்பம் உண்டு. மாசி, கருவாடு, நெய் எல்லாம் விலங்குப் பொருள். மோர்மிளகாயைப் பலர் வெறும் மிளகாய் என்று எண்ணி அனுப்புவார்கள். அதில் மோர் இருக்கிறது. பாற்பொருள் என்று பிடிபட்டால் அழிக்கப்படும். அவுஸ்திரேலியா உயிரியல் பாதுகாப்பில் மிகக் கடுமை: விதை, காயாத கிழங்கு, பூச்சி ஓட்டை விழுந்த ஓலை எதுவும் தப்பாது. கடகமும் சுளகும் அனுப்புமுன் நல்ல வெயிலில் காயவைத்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். தாவரச் சுகாதாரச் சான்றிதழ் தேவைப்படும் பொருளுக்கு அதை வழங்குவது கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தனிமைப்படுத்தல் சேவை.

40 நாள் தாங்கும் பொதி

10 நாளில் போகும் என்று கட்டிய பொதி 40 நாள் கிடந்தால் என்னவாகும் என்று யோசித்துக் கட்டுங்கள். பனங்கட்டி கசியும். ஒடியல் மா ஈரம் இழுத்துக் கட்டிபடும். கறித்தூளின் எண்ணெய்ப் பசை காகிதத்தை ஊறவைத்து, கடைசியில் விலாசத்தையும் தின்னும். தூளையும் மாவையும் வெப்பத்தால் ஒட்டிய தடித்த பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு ஒட்டுங்கள். விலாசத்தை ஜெல் பேனையால் எழுத வேண்டாம், ஈரம் பட்டால் கரையும். போல்பொயின்ற் பேனையால் எழுதி மேலே தெளிவான டேப் ஒட்டுங்கள். அதே விலாசத்தையும் உங்கள் விலாசத்தையும் ஒரு துண்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயும் வையுங்கள். வெளித்தாள் கிழிந்த பொதியைத் திறந்து பார்க்கும் ஊழியருக்கு அந்தத் துண்டுதான் வழிகாட்டும்.

நிறையைக் கட்டிய பிறகு நிறுங்கள். பெட்டியும் டேப்பும் 150 முதல் 250 கிராம் வரை இழுக்கும். 2 கிலோ எல்லையை 50 கிராம் தாண்டினால் கவுண்டரில் பிரித்துக் கட்ட நேரிடும், அன்றைய தபாலும் போய்விடும். கூரியரில் அனுப்புகிறீர்கள் என்றால் கன அளவும் நிறையாக மாறும்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். 40 × 40 × 30 பெட்டிக்குள் ஒரே ஒரு கடகம் இருந்து தராசில் 1.2 கிலோ காட்டினாலும் பற்றுச்சீட்டில் 9.6 கிலோ விழும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கக்கூடிய அளவுகளில் விற்பது இதற்காகத்தான்.

நாளை எப்படிச் சொல்வது

ஒரு கொப்பி போதும். நாடு, சேவை, கொடுத்த திகதி, கைக்குப் போன திகதி. ஒரு நாட்டுக்கு 20 பொதி சேர்ந்ததும் எடுத்த நாட்களைச் சிறிதிலிருந்து பெரிதாக வரிசைப்படுத்துங்கள். சராசரி பார்க்க வேண்டாம். சராசரியை வாக்குக் கொடுத்தால் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு வாக்குத் தவறும். மூன்றாவது எண்ணிலிருந்து பதினெட்டாவது எண்வரை சொல்லுங்கள். மூன்றாவது 18 நாள், பதினெட்டாவது 30 நாள் என்றால், மார்ச் 10இல் கொடுத்த பொதிக்கு "மார்ச் 28க்கும் ஏப்ரல் 9க்கும் இடையில்" என்று திகதியாகவே எழுதுங்கள். "மூன்று நாலு கிழமை" என்று எழுதினால் அவர் மூன்றைத்தான் எண்ணுவார்.

அதோடு கலண்டரையும் பாருங்கள். மாதம் ஒரு போயா. சித்திரைப் புத்தாண்டில் நாடே ஓய்வு. நவம்பர், டிசம்பரில் உலகமே பொதி அனுப்பும். நத்தாருக்கு வேண்டும் என்றால் டிசம்பர் 25இலிருந்து பதினெட்டாவது எண்ணைப் பின்னோக்கி எண்ணி, அதற்கு மேல் ஒரு கிழமை தள்ளுங்கள். 30 நாள் என்றால் நவம்பர் 18 கடைசி. அதற்குப் பிறகு வரும் ஓடருக்கு "பொங்கலுக்கு வரும்" என்று எழுதுங்கள். பொய் சொல்லி வாங்கிய டிசம்பர் ஓடரின் வசவை ஜனவரி முழுக்கக் கேட்க வேண்டிவரும்.

சில தடைகள் கலண்டரில் இருப்பதில்லை. கனடா போஸ்ட் ஊழியர் 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 செப்டெம்பர் 25இல் மறுபடியும் தொடங்கினார்கள். 2025 ஓகஸ்டில் இலங்கைத் தபால் ஊழியரும் பணிப்பகிஷ்கரிப்பில் இறங்கினார்கள். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வீதியையும் ரயில் பாதையையும் குலைத்தது. இப்படியான வேளையில் முதல் வேலை புதிய ஓடரின் விபரத்தில் நாளை மாற்றுவது. இரண்டாவது, வழியில் இருக்கும் பொதிகளின் பட்டியலை எடுத்து எல்லாருக்கும் அன்றே எழுதுவது. நிறுத்தம் முடிந்தது என்ற செய்தி வந்தவுடன் பழைய நாளுக்குத் திரும்ப வேண்டாம். குவிந்தது கரைய வாரங்கள் எடுக்கும்.

ட்ராக்கிங் வரியை வாசித்தல்

தபால் இலக்கம் 13 இடம்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் இலங்கைக்குரிய எல்.கே. முதல் எழுத்து ஈ என்றால் ஈ.எம்.எஸ். என்ற விரைவுத் தபால், ஆர் என்றால் பதிவுத் தபால், சி என்றால் பார்சல். ஒன்பதாவது இலக்கம் சரிபார்க்கும் இலக்கம். முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11 ஆல் வகுத்த மீதியை 11இலிருந்து கழிக்க வேண்டும். 10 வந்தால் 0, 11 வந்தால் 5. 12345678 என்றால் கூட்டுத்தொகை 204, மீதி 6, ஆகவே ஒன்பதாவது 5. "இலக்கம் வேலை செய்யேல்லை" என்று வாடிக்கையாளர் சொன்னால் பெரும்பாலும் ஒரு இலக்கம் மாறித் தட்டப்பட்டிருக்கும். இந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்கும்.

இனி வரிகள். "அனுப்பும் பரிமாற்ற நிலையத்திலிருந்து வெளியேறியது" என்று வந்தால் விமானம் பறந்துவிட்டது என்று பலர் எழுதிவிடுவார்கள். பொதி பைக்குள் போய்ப் பை கட்டப்பட்டது என்பதே அதன் பொருள். அந்தப் பை விமானத்தில் இடம் கிடைக்கும்வரை நாட்கணக்கில் இருக்கலாம். இதற்கும் "சேரும் பரிமாற்ற நிலையத்தை அடைந்தது" என்ற வரிக்கும் இடையில் எதுவும் மாறாது. வாடிக்கையாளர் பயப்படுவது இந்த மௌனத்துக்குத்தான். அடைந்தது என்று வந்த பிறகு இலங்கைத் தளத்தை விட்டுவிட்டு அந்த நாட்டுத் தளத்தில் பாருங்கள், லண்டனுக்கு ஈ.எம்.எஸ். என்றால் பார்சல்போர்ஸ், பதிவுத் தபால் என்றால் ரோயல் மெயில். "சுங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது" என்பது வழமையான படி, கவலை வேண்டாம். "சுங்கத்தால் நிறுத்திவைக்கப்பட்டது" என்றால்தான் வேலை இருக்கிறது: விலைச்சிட்டையையும் பொருளின் சேர்மானப் பட்டியலையும் பி.டி.எப். ஆக உடனே வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். அவரைத்தான் கேட்பார்கள், உங்களை அல்ல. "விநியோக முயற்சி" என்று வந்தால் மணிக்கூடு ஓடத் தொடங்கிவிட்டது: சுவிஸில் 7 நாள், கனடாவிலும் பிரான்சிலும் 15 நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு கார்கோ என்று ஏற்கும் முகவர்கள் நிறையப் பேர். மலிவு. ஆனால் அவர்கள் தரும் இலக்கம் அவர்கள் கொப்பி இலக்கமாக இருக்கலாம். பலருடைய பொதியை ஒரே சரக்காகக் கட்டுவதால், ஒருவருடைய கருவாட்டுக்காக எல்லாம் நிற்கும். விமானச் சரக்குச்சீட்டு இலக்கத்தைக் கேளுங்கள். அது 11 இலக்கம். முதல் மூன்று 603 என்றால் ஸ்ரீலங்கன், 176 என்றால் எமிரேட்ஸ், 157 என்றால் கட்டார். அந்த விமான நிறுவனத்தின் சரக்குத் தளத்தில் போட்டால் சரக்கு பறந்ததா இல்லையா என்று தெரியும். இலக்கம் தர இழுத்தடிக்கும் முகவரிடம் அடுத்த பொதியைக் கொடுக்காதீர்கள்.

வாடிக்கையாளருக்கு எழுதுவது

பொதி கொடுத்த அன்றே:

"வணக்கம் அக்கா. உங்கட பார்சலை இண்டைக்கு யாழ்ப்பாணம் பெரிய தபாற்கந்தோரில குடுத்திட்டம். இலக்கம் கீழ இருக்கு. மார்ச் 28க்கும் ஏப்ரல் 9க்கும் இடையில கைக்கு வரவேணும். நடுவில ஒரு பத்து நாளைக்கு ட்ராக்கிங்கில ஒண்டும் மாறாது, அது வழமை. வரி கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ். வந்தா அதில இருக்கிற லிங்கை அமத்தாதேங்கோ, தபால் தளத்தில இலக்கத்தைப் போட்டுப் பாருங்கோ. ஏப்ரல் 9 தாண்டினா நானே எழுதுவன்."

கடைசி வரிதான் முக்கியம், எழுதினால் செய்ய வேண்டும். ஏப்ரல் 10 காலையில்:

"அக்கா, சொன்ன நாள் தாண்டிட்டுது. பார்சல் 3ஆம் திகதி கனடா வந்து கஸ்டம்ஸில நிக்குது. பில்லை இதோட அனுப்புறன், கேட்டா காட்டுங்கோ. 19ஆம் திகதி வரைக்கும் அசையாட்டி இஞ்ச கந்தோரில விசாரணை போடுவன்."

எங்கே நிற்கிறது, அவர் செய்ய வேண்டியது என்ன, அடுத்து எந்த நாளில் நீங்கள் எழுதுவீர்கள் என்ற மூன்றும் இருந்தால் போதும். மன்னிப்பை நீட்டி எழுதத் தேவையில்லை.

விசாரணை, மறு அனுப்பல், காசு

தபால் விசாரணைக்குச் சி.என். 08 படிவம். அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், ஈ.எம்.எஸ். என்றால் நான்கு மாதம். வாடிக்கையாளர் தன் நாட்டில் கேட்டால் பெரும்பாலும் "அனுப்பியவரைக் கேட்கச் சொல்லு" என்றுதான் பதில் வரும், ஆகவே போடுவது உங்கள் வேலை. ரசீது தேவை, மை மங்கும் ரசீதுகளை அன்றே படம் எடுத்து வையுங்கள். பதிவு செய்யாத சிறு பொதிக்கு இந்தக் கதவு இல்லை, சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் பதிவைத் தவிர்ப்பது பெரும்பாலும் நட்டம். பதிவுத் தபால் தொலைந்தால் இழப்பீடு உண்டு, தாமதத்துக்குக் கிடையாது.

எப்போது என்ன செய்வது? 30 நாள் கணக்குள்ள நாடு என்றால், 31ஆம் நாள் செய்தி, 40ஆம் நாள் விசாரணைப் படிவம், 60ஆம் நாள் காசா வேறு பொருளா என்று வாடிக்கையாளரையே தேர்ந்தெடுக்க விடுவது. ஒரு விதிவிலக்கு: பொதி சுங்கத்தில் நிற்கும்போது அதே பொருளை அதே விபரத்தோடு மறுபடி அனுப்பாதீர்கள், இரண்டாவதும் அதே மேசையில்தான் போய் நிற்கும். மௌனத்தில் தொலைந்த பொதிக்குத்தான் மறு அனுப்பல் பொருந்தும். அனுப்புமுன், பழையதும் வந்துவிட்டால் என்ன செய்வது என்று எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கறித்தூள் என்றால் அரை விலைக்கு அவரே வைத்துக்கொள்ளட்டும். திருப்பி எடுக்கும் செலவு அதைவிட அதிகம்.

அட்டையில் காசு வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொருள் வரவில்லை என்று வாடிக்கையாளர் தன் வங்கியில் முறையிட்டால், காசு உங்கள் கணக்கிலிருந்து திரும்பப் போகும். வீசா விதியில் இதற்கு, பொருள் வரும் என்று எதிர்பார்த்த கடைசி நாளிலிருந்து 120 நாள் அவகாசம். அந்த நாளை நீங்கள் எழுத்தில் சொல்லியிருந்தால்தான் அவசரமாகப் போட்ட முறைப்பாட்டுக்குப் பதில் கொடுக்கலாம். ரசீது, ட்ராக்கிங் படம், வட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் எட்டு மாதம் அழிக்காதீர்கள்.

திரும்பி வந்த பொதி

பார்சலுக்கான படிவத்தில், கொடுக்க முடியாவிட்டால் திருப்புவதா கைவிடுவதா என்று கேட்டிருக்கும். மலிவான உணவுப் பொருளுக்குக் கைவிடுமாறு குறியிடுங்கள். திரும்பும் செலவு உங்கள் தலையில் விழலாம், வந்தாலும் விற்க முடியாது. பிளவுஸ், ஓலைப்பெட்டி போன்றவற்றுக்குத் திருப்புமாறு குறியிடுங்கள்.

திரும்பி வந்ததும் பெட்டியைக் கிழிக்குமுன் மேலே ஒட்டிய சிறு தாளைப் பாருங்கள். விலாசம் போதாது, ஆள் தெரியாது, ஏற்க மறுத்தார், எடுக்க வரவில்லை என்ற காரணங்களில் ஒன்றுக்கு நேரே குறியிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டுப் பேசுங்கள். "எடுக்க வரவில்லை" என்றால் மறு அனுப்பும் செலவு அவருடையது. "விலாசம் போதாது" என்றால் அவர் தந்த விலாசத்தையும் நீங்கள் எழுதியதையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். பிழை உங்கள் கையெழுத்தில் என்றால் அன்றைய தபாலிலேயே உங்கள் செலவில் திருப்பி அனுப்புங்கள்.